கடுமுகத்து ஆர்ச்சிபால்டின் தடத்தில் இரண்டு நாள்: ஒரு வரலாற்றுச் சுற்றுலாச் சேவையின் மதிப்புரை

ஸ்காட்லாந்தில் வரலாற்றுச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் எடின்பரோ கோட்டை, ஸ்டெர்லிங் கோட்டை, ஏதேனும் ஓர் ஏரி, வழியில் ஒரு விஸ்கி வடிசாலை என்ற அளவில் முடிந்துவிடும். இங்கே மதிப்பிடப்படும் சேவை அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஏர்ல் என்ற உயர்பிரபுப் பட்டத்தில் மூன்றாம் டக்ளஸ் ஏர்லாக இருந்து 1400ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மறைந்த ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் என்ற ஒரே ஒரு பிரபுவின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் பொருளாகக் கொண்டு, கிளாஸ்கோவில் தொடங்கித் தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கேலோவே பகுதியில் முடியும் இரண்டு நாள் பயணமாக இதை வகுத்திருக்கிறார்கள். ஒரு சிறிய வேன், ஒரு வழிகாட்டி, அச்சிட்ட கையேடு ஒன்று, டம்ஃப்ரீஸ் நகரில் ஓர் இரவுத் தங்கல் ஆகியவை கட்டணத்தில் அடங்கும். நடத்துவது மிகச் சிறிய அமைப்பு என்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் திருத்தக்கூடியவை என்பதாலும் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

ஆர்ச்சிபால்டை ஆங்கிலேயர்கள் 'கடுமுகத்தார்' என்று அழைத்தார்கள். போர்க்களத்தில் அவருடைய தோற்றம் அத்தகையது என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். பிறர் தூக்கவே திணறக்கூடிய நீண்ட வாளை அவர் சுழற்றியதாகப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபுருவாசார் குறித்திருக்கிறார். சுற்றுலாவின் விளம்பரத் தாள் இந்த வாளையும் முகத்தையும்தான் முன்னிறுத்துகிறது. ஆனால் இரண்டு நாட்களும் பார்த்துத் திரும்புகிறவருக்கு, அந்த மனிதரை வட்டாரத் தலைவன் என்ற நிலையிலிருந்து நாட்டின் மிக வலிமையான பிரபுவாக உயர்த்தியவை பத்திரங்களும் திருமணங்களும் ஆலய நிறுவனங்களும்தான் என்பது விளங்கும். வழிகாட்டி இதைச் சொன்ன இடங்களிலெல்லாம் சுற்றுலா சிறந்தது. வாளுக்குத் திரும்பிய இடங்களிலெல்லாம் தளர்ந்தது.

முதல் நிறுத்தம் க்ளைட் ஆற்றின் மேட்டுக்கரையில் நிற்கும் பாத்வெல் கோட்டை. கிளாஸ்கோவிலிருந்து அரை மணி நேரப் பயணத்திற்குள் இப்படி ஒரு கட்டடம் இருப்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மரே குடும்பத்தார் தொடங்கிய இதன் பெரிய வட்டக் கோபுரம் பாதி மட்டுமே நிற்கிறது. 1301இல் முதலாம் எட்வர்ட் இதை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். பின்னர் மூன்றாம் எட்வர்ட் இங்கே தங்கியிருந்தார். 1337இல் கோட்டைக்கு உரியவரான ஆண்ட்ரூ மரேயே அதை மீட்டு, ஆங்கிலேயருக்கு மறுபடியும் பயன்படக் கூடாதென்று கோபுரத்தின் ஒரு பாதியை இடித்துத் தள்ளினார். தன் வீட்டைத் தானே இடித்த இந்தச் செயலை வழிகாட்டி மிகவும் நிதானமாக, உடைந்த சுவரின் வெட்டுமுகத்தைக் காட்டி விளக்கினார். சுவர் எத்தனை தடிமன், உள்ளே கற்கள் எப்படி நிரப்பப்பட்டன, எந்தத் திசையில் அது சரிந்திருக்கும் என்பதெல்லாம் கண்ணெதிரே தெளிவாயின. முதல் நாளின் மிகச் சிறந்த அரை மணி நேரம் அதுதான்.

ஆர்ச்சிபால்ட் இந்தக் கோட்டைக்குள் வந்த வழி போர் அல்ல, திருமணம். ஆண்ட்ரூ மரேயின் மகன் தாமஸ், இரண்டாம் டேவிட் மன்னரின் மீட்புப் பணத்துக்குப் பிணையாளாக லண்டனில் இருந்தபோது 1361இல் கொள்ளைநோயில் இறந்தார். அவருடைய கைம்பெண் ஜொவானா மரே தாமும் அதே குலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை ஸ்ட்ராதெர்ன் ஏர்ல் மாரிஸ் மரே, 1346இல் ஆங்கிலேயரோடு நடந்த நெவில்ஸ் கிராஸ் போரில் வீழ்ந்தவர். 1362இல் ஜொவானாவை ஆர்ச்சிபால்ட் மணந்துகொண்டதும் பாத்வெல்லும், அதைச் சூழ்ந்த க்ளைட் சமவெளி நிலங்களும், வடக்கே தொலைவில் மரே குடும்பத்துக்கு இருந்த உடைமைகளும் அவருடைய உரிமைக்குள் வந்தன. அதுவரை அவருக்கென்று பேர் சொல்லும்படியான நிலம் இருந்ததில்லை. சிதைந்து கிடந்த கோட்டையை மறுபடியும் குடியிருக்கத் தக்கதாக்கும் பணியை அவர் தொடங்கினார். இன்று முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில் காணும் பெரிய கூடமும் தேவாலயப் பகுதியும் அவருடைய மகன் காலத்தில் நிறைவெய்தின.

இந்த இடத்தில்தான் முதல் குறை. ஜொவானாவின் உரிமைக்காக ஆர்ச்சிபால்ட் தனிச்சமருக்கே துணிந்தார் என்ற பழங்கதையை வழிகாட்டி கைகளை விரித்து நடித்துக் காட்டினார். கேட்டவர்கள் சிரித்து மகிழ்ந்தார்கள். ஆனால் ஜொவானா யார், அவருடைய தந்தை யார், இருமுறை மணந்த அந்தப் பெண்ணின் வழியாக எவ்வளவு நிலம் கைமாறியது என்ற செய்திகளில் ஒன்றைக்கூடத் தாமாகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகு சரியாகவே விடை சொன்னார். அவருக்குத் தெரியாததன்று, சுற்றுலாவின் உரைநிரலில் அதற்கு இடமில்லை. ஒரு பிரபுவின் 'குடும்பத்தை'ப் பற்றிய சுற்றுலா என்று விற்றுவிட்டு, அந்தக் குடும்பத்தின் செல்வத்துக்குக் காரணமான பெண்ணைக் கதையின் பரிசுப் பொருளாக மட்டும் காட்டுவது பெரிய இடைவெளி.

கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, பாத்வெல் ஊரின் நடுவே இருக்கும் தேவாலயத்திற்கு அடுத்து அழைத்துச் செல்கிறார்கள். 1398இல் ஆர்ச்சிபால்ட் இதைக் குருமார் குழு வாழும் கல்லூரித் தேவாலயமாக நிறுவினார். நிறுவியவரின் குடும்பத்தாருக்காக நாள்தோறும் வழிபாடு நடத்தக் குருமார்களுக்கு நிலவருமானம் ஒதுக்கும் ஏற்பாடு அது. அவர் காலத்துப் பாடற்பகுதி (பீடத்தை ஒட்டிக் குருமார் அமரும் பகுதி) இன்றும் பயன்பாட்டில் உள்ள ஆலயத்தின் ஒரு பகுதியாக நிற்கிறது. அதன் கூரை கல்பலகைகளால் வேயப்பட்டது என்பது வெளியே நின்று பார்த்தால்தான் முழுமையாகப் புரியும். ஆர்ச்சிபால்ட் அடக்கம் செய்யப்பட்ட இடமும் இதுவே என்பது மரபு. ஆனால் இந்தக் கட்டடத்தில் நடந்தவற்றுள் மிக முக்கியமானது 1400இல் நிகழ்ந்த ஒரு திருமணம். அதை இந்தச் சுற்றுலா சொன்ன விதத்திற்காகவே நான் அதைப் பரிந்துரைப்பேன்.

மன்னர் மூன்றாம் ராபர்ட்டின் மூத்த மகனும் அரியணை வாரிசுமான ராத்சே டியூக் டேவிட்டுக்கு, டன்பார் குடும்பத்தைச் சேர்ந்த மார்ச் ஏர்ல் தம் மகள் எலிசபெத்தை மணம் முடிக்க ஏற்பாடு செய்திருந்தார். ஆர்ச்சிபால்ட் அதைவிடப் பெரிய சீர்வரிசையை முன்வைத்துத் தம் மகளை அந்த இளவரசருக்கு மணமுடித்தார். ஏமாற்றப்பட்ட மார்ச் ஏர்ல் சினந்து ஆங்கில மன்னர் நான்காம் ஹென்றியிடம் சென்று சேர்ந்தார். அதே ஆண்டு ஹென்றி படையோடு ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தார். ஆர்ச்சிபால்டின் மகன் மன்னரின் மகளை ஏற்கெனவே மணந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே குடும்பம் அரச குடும்பத்தோடு இருபுறமும் பிணைந்திருந்தது விளங்கும். ஆனால் அந்தப் பிணைப்பு இளவரசரைக் காப்பாற்றவில்லை. ஆர்ச்சிபால்ட் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1402இல், ராத்சே டியூக் தம் சிற்றப்பா ஆல்பனி டியூக்கின் காவலில் ஃபாக்லண்டில் இறந்தார். அந்தக் கைதுக்கு உடந்தையாக இருந்தவர் அவருடைய மைத்துனர், அதாவது ஆர்ச்சிபால்டின் மகன் நான்காம் ஏர்ல். இருவரையும் குற்றமற்றவர்கள் என்று பொதுப்பேரவை அறிவித்தது. அந்த அறிவிப்பை எத்தனை பேர் நம்பினார்கள் என்பது வேறு கதை. இந்த நீண்ட தொடரை வழிகாட்டி ஆலயத்தின் வாயிலில் நின்று, குறிப்பேட்டைப் பாராமல், ஒரு கண்ணி விடுபடாமல் சொன்னார். ஒரு சீர்வரிசைப் பேரத்திலிருந்து ஒரு படையெடுப்பும் ஓர் இளவரசரின் மரணமும் எப்படிக் கிளைத்தன என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

மதிய உணவுக்குப் பிறகு வேன் தெற்கே டக்ளஸ் என்ற சிற்றூருக்குச் செல்கிறது. குடும்பப் பெயர் பிறந்த இடம் இது. செயின்ட் பிரைட் தேவாலயத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பாடற்பகுதிதான்; அதற்குள் மூன்று தலைமுறைகளின் கல்லறைகள் இருக்கின்றன. ஆர்ச்சிபால்டின் தந்தை சர் ஜேம்ஸ் டக்ளஸ் அவர்களுள் ஒருவர். ராபர்ட் புரூஸ் மன்னரின் நெருங்கிய தோழரான ஜேம்ஸ், மன்னர் இறந்த பிறகு அவருடைய இதயத்தைப் பேழையில் சுமந்து சிலுவைப் போருக்குப் புறப்பட்டு, 1330இல் ஸ்பெயினின் தேபா என்ற இடத்தில் மூர்களோடு நடந்த போரில் மாண்டார். எலும்புகள் இங்கே கொண்டுவரப்பட்டன. தந்தைக்கு அழகிய பளிங்குக் கல்லறை ஒன்றை மகன் ஆர்ச்சிபால்ட் அமைத்தார் என்று பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் பார்பர் பாடியிருக்கிறார். இன்று நாம் காண்பது காலத்தாலும் கைகளாலும் சிதைந்த ஒரு கல்லுருவம்.

இங்கே ஒரு செய்தியை வழிகாட்டி எவ்விதம் கையாள்கிறார் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். ஆர்ச்சிபால்ட், ஜேம்ஸின் திருமணத்திற்கு வெளியே பிறந்த மகன். தந்தை இறந்தபோது அவர் சிறு குழந்தை. இயல்பாக அவருக்கு டக்ளஸ் ஏர்ல் பட்டம் கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை. அது கிடைத்ததற்குக் காரணம், 1342இல் ஜேம்ஸின் தம்பி ஹியூ என்ற குருவானவர் எழுதிவைத்த ஒரு வாரிசுரிமைப் பத்திரம். ஹியூ தம் உரிமையைத் தம்பி மகன் வில்லியமுக்கு விட்டுக்கொடுத்தபோது, வில்லியமின் ஆண்வழி அற்றுப்போனால் உடைமை ஆர்ச்சிபால்டுக்குச் சேரவேண்டும் என்று அதில் இடம்பெறச் செய்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் எவரும் அதைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். 1388 ஆகஸ்டில் இங்கிலாந்தின்மீது படையெடுத்தபோது ஆட்டர்பர்ன் போரில் இரண்டாம் ஏர்ல் ஜேம்ஸ் முறையான பிள்ளையின்றி வீழ்ந்தார். அதே படையெடுப்பில் மேற்குப் பக்கத்துப் படையை நடத்திக் கார்லைல் பகுதிக்குச் சென்றிருந்த ஆர்ச்சிபால்ட், திரும்பி வந்து அந்தப் பழைய பத்திரத்தைக் கையில் எடுத்தார். இறந்தவரின் தங்கை இசபெல்லாவும், அவர் சார்பில் அவருடைய கணவர் மால்கம் டிரம்மண்டும் உரிமை கோரினார்கள். 1389 ஏப்ரலில் நாடாளுமன்றம் ஆர்ச்சிபால்டுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அறுபது வயதை நெருங்கிய நிலையில் அவர் மூன்றாம் ஏர்ல் ஆனார்.

இதுதான் அவருடைய வாழ்க்கையின் அச்சாணி. வழிகாட்டி இதைச் சொன்னார்; சற்று விரைவாகச் சொன்னாலும் பிழையின்றிச் சொன்னார். ஆனால் கையில் கொடுத்த கையேட்டில் உள்ள குடும்ப மரம், ஆர்ச்சிபால்டை முதல் ஏர்ல் வில்லியமின் மகனாகவும் இரண்டாம் ஏர்லின் தம்பியாகவும் வரைந்து காட்டுகிறது. இது சிறு அச்சுப்பிழை அன்று. பத்திரத்தையும், வழக்கையும், தீர்ப்பையும் ஒரே கோட்டில் அழித்துவிடுகிற பிழை. வாய்மொழியாக ஒன்றும் அச்சில் வேறொன்றும் இருக்கும்போது, வீட்டுக்குப் போன பிறகு மனதில் தங்குவது அச்சில் உள்ளதுதான். இதைச் சுட்டிக்காட்டியபோது அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார்கள். அதுவரை அந்தப் பக்கத்தின் மேல் ஒரு திருத்தத் தாளையாவது ஒட்டிக் கொடுப்பது நல்லது.

இரவுத் தங்கலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விடுதி தூய்மையானது, உணவு சாதாரணமானது, காலையில் புறப்பாடு சொன்ன நேரத்துக்கே நடந்தது. வேனில் போகும் வழியில் ஒலிபெருக்கியில் போட்ட இசையை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாம் நாளின் தொடக்கம் லின்க்ளூடன். டம்ஃப்ரீஸின் புறநகர்க் குடியிருப்புகளுக்கு நடுவே, வீடுகளின் பின்புற வேலிகளுக்கு அப்பால் திடீரென்று ஒரு சிவப்பு மணற்கல் இடிபாடு எழுந்து நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கேலோவே பிரபு உக்ட்ரெட் நிறுவிய கன்னியர் மடத்தை 1389இல் ஆர்ச்சிபால்ட் கலைத்துவிட்டு, அதன் வருமானத்தைக் கொண்டு அங்கே குருமார் குழுவுக்குரிய கல்லூரித் தேவாலயம் ஒன்றை நிறுவினார். மடத்தின் ஒழுங்கு சீர்கெட்டுவிட்டது என்பது அவர் கூறிய காரணம். ஏர்ல் பட்டம் கைக்கு வந்த அதே ஆண்டில் இது நடந்தது என்பதை வழிகாட்டி தற்செயல் போலச் சொல்லிக் கடந்துவிட்டார். எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை; புதிதாகப் பெற்ற பெருமையைக் கல்லிலும் வழிபாட்டிலும் நிலைநிறுத்தும் அவசரம் அதில் தெரிகிறது.

லின்க்ளூடனில் அனைவரும் பார்த்து நிற்பது ஆர்ச்சிபால்டின் மருமகளான இளவரசி மார்கரெட்டின் கல்லறையை. பாடற்பகுதியின் வடக்குச் சுவரில், செதுக்கல் வளைவொன்றின் கீழே, கேடயச் சின்னங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்ட பெட்டக வடிவில் அது அமைந்திருக்கிறது. அவரை மன்னரின் மகளாகவும், டக்ளஸ் ஏர்லின் மனைவியாகவும், கேலோவே மற்றும் அனன்டேல் சீமாட்டியாகவும் அங்குள்ள லத்தீன் வாசகம் அறிவிக்கிறது. இந்தப் பட்டங்கள் வெறும் அலங்காரம் அல்ல. அவருடைய கணவர் நான்காம் ஏர்ல் போரிட்ட பெரும் போர்களிலெல்லாம் தோற்றவர். 1402இல் ஹோமில்டன் மலையில் ஒரு கண்ணை இழந்து சிறைப்பட்டார். மறு ஆண்டு ஷ்ரூஸ்பரியில் தம்மைச் சிறைபிடித்த பெர்சி குடும்பத்தார் பக்கமே நின்று போரிட்டு மறுபடியும் சிறைப்பட்டார். கடைசியாகப் பிரான்ஸ் மன்னரிடம் தூரேன் டியூக் பட்டம் பெற்ற அதே 1424இல் வெர்னோய் போரில் மகன் ஒருவரோடு மடிந்து, தூர் நகரத் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். கணவர் மறைந்த பிறகு மார்கரெட் தம் தம்பி முதலாம் ஜேம்ஸ் மன்னரிடமிருந்து கேலோவேயை வாழ்நாள் உரிமையாகப் பெற்று, த்ரீவ் கோட்டையிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலத்தை ஆண்டார். ஆர்ச்சிபால்ட் அரும்பாடுபட்டுச் சேர்த்த கேலோவேயை அமைதியாக நீண்டகாலம் நிர்வகித்தவர் அவருடைய மகன்களில் எவரும் அல்லர், இந்த மருமகள்தான். இங்கே வழிகாட்டி அவசரப்படவில்லை. ஒவ்வொரு கேடயச் சின்னமும் யாருடையது, அரச குடும்பச் சின்னமும் டக்ளஸ் இதயச் சின்னமும் எங்கே அருகருகே வருகின்றன என்று விளக்கி, பார்ப்பதற்கு வேண்டிய நேரத்தையும் கொடுத்தார். முந்தைய நாள் ஜொவானாவுக்கு நேர்ந்த குறையை இந்த ஒரு மணி நேரம் ஓரளவு ஈடுசெய்தது.

ஸ்வீட்ஹார்ட் மடாலயம் என்ற அடுத்த நிறுத்தம் அழகானது. ஆனால் இந்தச் சுற்றுலாவின் பொருளுக்குத் தேவையா என்பது ஐயம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கேலோவேயின் டெர்வொர்கில்லா தம் கணவர் ஜான் பேலியலின் நினைவாக நிறுவிய மடம் இது. மின்னல் தாக்கிச் சேதமடைந்தபோது ஆர்ச்சிபால்ட் அதற்கு உதவினார் என்பது தவிர அவருக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. பேழையில் வைத்த கணவரின் இதயத்தைச் சொல்லிச் சொல்லியே நேரம் கழிந்தது. அந்த நேரத்தை த்ரீவுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஏனென்றால் த்ரீவில் எங்களுக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. கேசில் டக்ளஸ் ஊருக்கு அருகே டீ ஆற்றின் நடுவிலுள்ள தீவில் நிற்கிறது அந்தக் கோட்டை. வாகனத்தை நிறுத்திவிட்டு வயல்களின் ஓரமாக நடந்து ஆற்றங்கரைக்குப் போய், அங்குள்ள மணியை அடித்தால் படகுக்காரர் வந்து அக்கரைக்கு அழைத்துச் செல்வார். ஹிஸ்டாரிக் என்விரான்மெண்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு இதைப் பராமரிக்கிறது. நடையும் படகும் சேர்ந்தே கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. சுற்றுலாவின் நேர அட்டவணை இதைக் கணக்கில் கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1369இல் மன்னர் டேவிட் நித் ஆற்றுக்கும் க்ரீ ஆற்றுக்கும் இடைப்பட்ட கேலோவேயை ஆர்ச்சிபால்டுக்கு வழங்கினார். அதுவரை அரியணைக்குப் போட்டியிட்ட பேலியல் குடும்பத்தாருக்கு ஆதரவாக நின்று அரசருக்கு எளிதில் பணியாத பகுதி அது. மூன்று ஆண்டுகள் கழித்து, தம் குடிகளோடு ஒத்துப்போக முடியாத விக்டவுன் ஏர்ல் தாமஸ் ஃப்ளெமிங்கிடமிருந்து க்ரீக்கு மேற்கே இருந்த பகுதியையும் 500 பவுண்டுக்கு ஆர்ச்சிபால்ட் விலைக்கு வாங்கினார். ஒரு முழு ஏர்ல் நிலப்பகுதி விலைச்சீட்டின் மூலம் கைமாறியது அக்காலத்தில் அரிதான நிகழ்வு. இந்த நிலத்துக்குத் தலைமையிடமாக அவர் எழுப்பியதுதான் த்ரீவின் கோபுர வீடு. ஐந்து தளங்கள், சுமார் 3 மீட்டர் தடிமனுள்ள சுவர்கள். கீழே கிடங்கும் கிணறும் சிறைக்குழியும், அதற்கு மேல் சமையலறை, அடுத்துப் பெரிய கூடம், அதன் மேல் பிரபுவின் தனியறைகள் என்று அடுக்கடுக்காக அமைந்தது. ஸ்காட்லாந்தின் முதல் கோபுர வீடுகளுள் இது ஒன்று. தனித்து நிற்கும் இந்தக் கோபுரத்தைப் பார்த்து, பிரபு தனிமையில் அரண் கட்டி வாழ்ந்தார் என்று எண்ணிவிடலாம். ஆனால் 1970களில் நடந்த அகழாய்வு, கோபுரத்தைச் சுற்றிக் கூடமும் வேறு பல கட்டடங்களும் இருந்ததை வெளிப்படுத்தியது. தீவு முழுவதும் ஆட்களும் பணிகளும் நிறைந்த ஒரு பெருங்குடும்ப வளாகமாக இருந்திருக்க வேண்டும். இந்தச் செய்தியை வழிகாட்டி அழகாகச் சொல்லி, புல்வெளியில் அடித்தளங்கள் கிடந்த இடங்களை நடந்து காட்டினார்.

அதன் பிறகு வாள் மீண்டும் வந்துவிட்டது. கோபுரத்தின் வாயிலுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கல்லைக் காட்டி, டக்ளஸ் பிரபுக்கள் அதில் எப்போதும் ஒருவரைத் தூக்கிலிட்டு வைத்திருப்பார்கள் என்ற கதையைச் சொன்னார். அதை மரபுக்கதை என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் எனக்கு மறுப்பில்லை. அதைவிடப் பெரிய சறுக்கல், 1455 முற்றுகையின்போது மான்ஸ் மெக் என்ற பெரும் பீரங்கி சுட்ட குண்டு 'கேலோவேயின் அழகி' என்று பெயர்பெற்ற மார்கரெட் சீமாட்டியின் (இவர் லின்க்ளூடன் கல்லறைக்குரிய இளவரசி அல்லர்) கையைத் துண்டித்தது என்ற கதையை நடந்த நிகழ்ச்சி போலவே விவரித்தது. மான்ஸ் மெக், பர்கண்டி டியூக் ஃபிலிப்பின் பரிசாக ஸ்காட்லாந்துக்கு வந்ததே 1457இல்தான். முற்றுகையில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் ஒரு பெரும் பீரங்கியைக் கொண்டுவரச் செய்தார் என்பது உண்மை. ஆனால் கோட்டை கடைசியில் பணிந்ததற்கு, காவற்படைத் தலைவர்களுக்கு வழங்கப்பட்ட பணமும் நிலமும் முக்கியக் காரணம் என்பதை அரசக் கணக்கேடுகளே காட்டுகின்றன. கட்டுக்கதையைவிட இந்தக் கணக்கேடு எவ்வளவு சுவையானது!

அந்தத் தவறான கதை, அதைவிட வலிய ஓர் உண்மைக்கு உரிய நேரத்தையும் பறித்துக்கொண்டது. ஆர்ச்சிபால்டின் கொள்ளுப்பேரன்களான இளம் ஆறாம் ஏர்ல் வில்லியமும் அவருடைய தம்பியும் 1440 நவம்பரில் எடின்பரோ கோட்டைக்கு அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 'கரிய விருந்து' என்று பின்னாளில் பெயர்பெற்ற அந்தக் கொலைக்குப் பிறகு பட்டம் சென்று சேர்ந்தது அவர்களின் பாட்டனார் உடன்பிறந்தவரான ஜேம்ஸிடம், அதாவது ஆர்ச்சிபால்டின் இளைய மகனிடம். கேலோவேயின் அழகி கொல்லப்பட்ட சிறுவர்களின் தங்கை. அவரை ஜேம்ஸின் மகன் எட்டாம் ஏர்ல் வில்லியம் மணந்ததால், பிரிந்துபோக இருந்த நிலங்கள் மீண்டும் ஒன்றாயின. அந்த வில்லியமை 1452 பிப்ரவரியில் ஸ்டெர்லிங் கோட்டையில், பாதுகாப்பு உறுதி கொடுத்து அழைத்த மன்னரே குத்திக் கொன்றார். கைம்பெண்ணான மார்கரெட்டை வில்லியமின் தம்பியான ஒன்பதாம் ஏர்ல் மணந்தார். மூன்று ஆண்டுகளில் த்ரீவ் வீழ்ந்தது. 'கரிய டக்ளஸ்' எனப்பட்ட இந்தக் குடும்பக் கிளையின் பெருமை முடிந்தது. ஜொவானாவின் திருமணத்தில் தொடங்கிய நிலச் சேர்க்கையும், இந்த மார்கரெட்டின் இரண்டு திருமணங்களில் முடிந்த அதன் சிதைவும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. சுற்றுலா அந்தத் தொடர்பை எங்கேயும் எடுத்துச் சொல்லவில்லை. கோபுரத்தைச் சுற்றி எட்டாம் ஏர்ல் காலத்தில் எழுந்ததாகக் கருதப்படும் பீரங்கிச் சுவரையும், சுடுதுளைகள் கொண்ட அதன் வட்டக் கோபுரத்தையும் காட்டி இதைச் சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும்.

குறைகளை இவ்வளவு விரிவாகச் சொன்னதால் சேவை மோசமானது என்று யாரும் எண்ண வேண்டாம். குழு சிறியது, கேள்வி கேட்டால் முகம் சுளிப்பதில்லை, இடங்களின் தேர்வு, ஸ்வீட்ஹார்ட் நீங்கலாக, ஆழ்ந்த அறிவோடு செய்யப்பட்டது. பிரான்சில் நடந்த புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட ஆர்ச்சிபால்டை, உடனிருந்த வீரர் ஒருவர் வேலைக்காரன் போல அறைந்து, எஜமானரின் கவசத்தைத் திருடி அணிந்தவன் என்று திட்டி, சிறு தொகைக்கு மீட்டுவந்த கதையை வேனில் சொன்னபோது, அது வரலாற்றாசிரியர் சொல்லும் கதை என்று முன்கூட்டியே சொல்லித்தான் தொடங்கினார் வழிகாட்டி. த்ரீவிலும் அதே கவனம் இருந்திருந்தால் போதும்.

முன்பதிவு செய்ய நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். த்ரீவுக்குப் படகு குளிர்காலத்தில் ஓடுவதில்லை. ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் அமையும் தேதியைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஆற்றில் வெள்ளம் இருந்தால் மாற்று ஏற்பாடு என்ன என்று முன்னரே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காகச் சில கோட்டைகளின் உட்பகுதி மூடப்படுவதுண்டு என்பதால் அதையும் விசாரியுங்கள். ஈரமான புல்லில் நடக்கத் தகுந்த காலணி கட்டாயம் தேவை. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பாத்வெல்லும் லின்க்ளூடனும் ஏற்றவை; த்ரீவின் நடைபாதையும் படகேற்றமும் கடினமாக இருக்கலாம். வாய்ப்பிருந்தால், ஸ்வீட்ஹார்ட்டை விட்டுவிட்டு த்ரீவில் முழுப் பிற்பகலையும் தரும்படி கேளுங்கள்; நாங்கள் போன பிறகு அப்படி ஒரு மாற்றுத் திட்டத்தை, குறைந்தது நால்வர் சேர்ந்து பதிவு செய்தால், ஒப்புக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.